ஒரு இலைக்கு என்ன விலை?

மழை தொடங்கும் மாதங்களில் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களில் தவறாமல் ஒரு செய்தி வந்துவிடும். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தெருவில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் 'ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் பூக்கும் அதிசய பிரம்ம கமலம்' பூத்திருக்கும். பொதுமக்கள் ஆர்வத்துடன் பார்த்துச் சென்றிருப்பார்கள். கூடவே ஒரு படம். பூவுக்கு முன்னால் அகல் விளக்கு, ஊதுபத்தி. பூவுக்குப் பக்கத்தில் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெட்கத்தோடு சிரிக்கும் வீட்டுக்கார அம்மா. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் எதிர்வீட்டுப் பிள்ளைகள். அடுத்த வருடமும் இதே செய்தி வரும். ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

இந்தச் செய்தியில் முழுசாக நம்பக்கூடியது அந்த எதிர்வீட்டுப் பிள்ளைகளை மட்டும்தான். பூவைப் பற்றிச் சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் தப்பு. அந்தத் தப்புதான் இப்போது காசாகிக்கொண்டிருக்கிறது.

முதலில் 'ஆண்டுக்கு ஒருமுறை' கதை. ஒரு பூ ஒரே ஓர் இரவுதான் இருக்கும் என்பது உண்மை. இருட்டத் தொடங்கும்போது மொட்டு லேசாக வாய் திறக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு இதழ்கள் பிரிய ஆரம்பிக்கும். நள்ளிரவு வாக்கில் முழுசாக விரியும். விடியும்போது கழுத்து தொங்கிவிடும். ஆனால் செடி வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும் என்று யார் சொன்னது? நல்ல வெளிச்சமும் அளவான தண்ணீரும் கிடைத்த, நாலைந்து வயசான செடி, ஒரே பருவத்தில் இரண்டு மூன்று தவணையாகப் பூக்கும். ஒரே இரவில் பத்துப் பதினைந்து பூ விரிகிற செடிகளும் உண்டு. வருடக் கணக்கு சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்தத் தகுதியுள்ள செடி நீலகிரி, கொடைக்கானல், மூணாறு மலைகளில் இருக்கிறது. குறிஞ்சி. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. மொட்டை மாடிச் செடிக்கு எதற்கு இந்த இரவல் பெருமை?

அடுத்தது பெயர். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3700 மீட்டருக்கு மேலே, பாறையும் புல்லுமான சரிவுகளில் வளர்வது. தாவரவியல் பெயர் சௌசூரியா ஒப்வலேட்டா. சூரியகாந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. உத்தரகண்டின் மாநில மலர். கேதார்நாத்தில் சுவாமிக்குச் சாத்துவது இதைத்தான். படகு மாதிரி வெளிர்மஞ்சளாகத் தெரிவது அதன் இதழ்கூடக் கிடையாது, பூவைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் செதில். நிஜப் பூக்கள் உள்ளே ஊதா நிறத்தில் கொத்தாக ஒளிந்திருக்கும். மதுரை வெயிலில் அதைக் கொண்டுவந்து வைத்தால் ஒரு கோடைகூடத் தாங்காது.

மொட்டை மாடியில் பூப்பது வேறு ஆள். எபிபில்லம் ஆக்ஸிபெட்டலம் என்று பெயர். கள்ளி, அதாவது கேக்டஸ் குடும்பம். சொந்த ஊர் மெக்சிகோவின் தெற்குப் பகுதியும் அதற்குக் கீழேயுள்ள மத்திய அமெரிக்கக் காடுகளும். கேக்டஸ் குடும்பத்தில் ஒரே ஒரு இனத்தைத் தவிர மற்ற எல்லாமே இயற்கையாக இருந்தது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். (கிராமத்து வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் பெயரில்தான் கள்ளி, குடும்பம் வேறு. சப்பாத்திக்கள்ளிகூட வந்தேறிதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை அதன்மேல் வளர்த்து லாபம் பார்க்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் மதராஸில் அதற்கென்று தோட்டமே போட்டார்கள்.) ஆகவே பிரம்மா உட்கார்ந்திருந்த கமலம் இதுதான் என்றால், 1492இல் கொலம்பஸ் கடலைத் தாண்டும்வரை அவர் நின்றுகொண்டே இருந்திருக்க வேண்டும் :-)

சாமி கும்பிடுகிறவர்களைக் கிண்டல் செய்வது இங்கே நோக்கமில்லை. இருட்டில் ஓர் அடி நீளத்துக்கு வெள்ளைப் பூ ஒன்று கண்ணெதிரே அசைந்து அசைந்து விரிந்தால், மணம் மாடிப்படி வரைக்கும் இறங்கி வந்தால், விளக்கேற்றத் தோன்றத்தான் செய்யும். கேரளத்தில் அதற்கு நிஷாகந்தி என்று அழகான பெயர் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நடக்கும் ஒரு நடன விழாவுக்கே அந்தப் பெயர். பூவின் உள்ளே எட்டிப் பார்க்கிறவர்களில் சிலருக்குப் பாம்பணையில் படுத்த பெருமாள் தெரிகிறார், வேறு சிலருக்குப் பெத்லகேம் நட்சத்திரம் தெரிகிறது. சீன மொழியில் ஒரு கணம் மின்னி மறையும் புகழுக்கு இந்தப் பூவை வைத்தே சொலவடை இருக்கிறது. ஜப்பானியர்கள் 'நிலவடி அழகி' என்கிறார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வேறு இடத்தில் தொடங்குகிறது. இணையக் கடைகளில் பிரம்ம கமலம் என்று தேடிப் பார்த்தால் தெரியும். வேர் விட்ட செடி விற்கிறார்கள், சரி. வேரில்லாத ஒற்றை இலையை நூறு இருநூறு என்று விற்கிறார்கள், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விதை விற்கிறார்கள்! சிவப்பு பிரம்ம கமலம், நீல பிரம்ம கமலம் என்று கலர் கலராகப் படம் போட்டு விதை. வீட்டில் வளரும் இந்தச் செடிகளில் காய் பிடிப்பதே அபூர்வம், விதை எங்கேயிருந்து வரும்? பாக்கெட்டில் வருவது ஏதோ ஒரு கீரை விதையாக இருக்கலாம், கடுகாக இருக்கலாம். வாங்கியவர் இரண்டு மாதம் தண்ணீர் தெளித்துவிட்டு, 'என் கைராசி அப்படி' என்று விட்டுவிடுவார். விற்றவரின் உண்மையான மூலதனம் அந்தக் கைராசி நம்பிக்கைதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கும் முறையற்ற வணிக நடைமுறைக்கும் தனித்தனியாக விளக்கமே இருக்கிறது. ஆனால் நூற்றைம்பது ரூபாய்க்காக எவர் புகார் எழுதப் போகிறார்? 'ஹிமாலயன்', 'தெய்வீக', 'பதினாலு வருஷத்துக்கு ஒருமுறை' என்ற வார்த்தைகளை எடுத்துவிட்டால் அந்தப் பொட்டலத்தில் மிஞ்சுவது எதுவும் இல்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், உலகத்தில் காசே கொடுக்காமல் பெருக்கக்கூடிய செடிகளில் இது முதல் வரிசையில் நிற்கிறது என்பதால்தான்.

எல்லாரும் 'இலை' என்று சொல்வது உண்மையில் இலை இல்லை. தண்டு. வறட்சிக்குப் பழகிய கேக்டஸ் குடும்பம் இலையைக் கைவிட்டு, தண்டையே பச்சையாக்கி அதிலேயே சமையலை முடித்துக்கொள்கிறது. இந்தச் செடியில் அந்தத் தண்டு தட்டையாகி, நடுநரம்பு வைத்து, பார்த்தால் அசல் இலை மாதிரியே ஆகிவிட்டது. தாவரவியல்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். எபிபில்லம் என்ற பெயருக்கு அர்த்தம் 'இலைமேல்'. இலைமேல் பூக்கிறதே என்ற ஆச்சரியத்தில் வைத்த பெயர். தண்டின் ஓரத்தில் வெட்டு வெட்டாகச் சின்னப் பள்ளங்கள் இருக்கும், கவனித்துப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு கண். கிளை வருவதும் மொட்டு வருவதும் அங்கிருந்துதான். ஒரு சாண் துண்டில் இப்படி ஏழெட்டுக் கண் இருக்கும். மா இலையை மண்ணில் குத்தி வைத்தால் ஏன் மாமரம் வராது, இது மட்டும் ஏன் வருகிறது என்றால், காரணம் இதுதான். கையில் இருப்பது இலை இல்லை, குட்டியாக ஒரு முழுச் செடி.

நடும் முறையும் கடினமில்லை. ஆனாலும் பாதிப் பேர் சாகடித்துவிடுகிறார்கள், பெரும்பாலும் அன்பு மிகுதியால். பூத்த செடியிலிருந்து, முற்றிய, கரும்பச்சையான தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்ட வேண்டும். வெளிர்பச்சையில் நீட்டிக்கொண்டிருக்கும் இளந்தளிர் அழுகிவிடும், வேண்டாம். வெட்டியதை அன்றைக்கே நடக் கூடாது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். நிழலில், காற்றுப்படும் இடத்தில், நாலு நாளிலிருந்து ஒரு வாரம் வரை சும்மா கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். ஈரவாயோடு நட்டால் பூஞ்சை உள்ளே புகுந்து ஒரே வாரத்தில் அடி கருத்துக் கொழகொழவென்று ஆகிவிடும். 'அய்யோ வாடிப்போகுதே' என்று பதறத் தேவையில்லை. மெக்சிகோ காட்டில் மரக்கிளையில் தொற்றிக்கொண்டு, வேருக்கு மண்ணே இல்லாமல் வாழ்ந்த பரம்பரை. ஒரு வாரப் பட்டினி அதற்கு ஒன்றுமே இல்லை.

மரத்தில் தொற்றி வாழ்ந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வேருக்குக் காற்று வேண்டும். வயல் மண், களிமண் ஆகாது. செம்மண் கொஞ்சம், பெருமணல் கொஞ்சம், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய இலை என்று பொலபொலப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அடியோட்டை வழியாக உடனே இறங்கிவிட வேண்டும். இரண்டு விரற்கடை ஆழம் நட்டால் போதும். சாயாமலிருக்க ஒரு குச்சி. முதல் சில நாள் தண்ணீரே வேண்டாம். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். பிடித்ததா என்று தினமும் இழுத்துப் பார்க்கிற ஆர்வலர்கள் உண்டு, அவர்களிடம் எதுவும் வேர் பிடிப்பதில்லை. காலை வெயிலும் மற்ற நேரம் வெளிச்சமான நிழலும் நல்லது. உச்சி வெயில் பட்டால் தண்டு மஞ்சளடிக்கும். அக்னி நட்சத்திரத்திலும் ஐப்பசி அடைமழையிலும் நடாமல் தை, மாசியில் நட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பூ வருவதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அவசரப்பட்டு யூரியா போட்டால் தண்டு தழைத்துக்கொண்டே போகுமே தவிர மொட்டு வராது. மாவுப்பூச்சி வந்தால் பழைய டூத் பிரஷ் போதும். இவ்வளவுதான். இதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது எது? தொட்டி. அதுகூடப் பழைய பெயின்ட் வாளியாக இருந்தால் அதற்கும் செலவில்லை.

இப்போது கணக்குக்கு வரலாம். வணிகவியல் முதலாண்டில் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய தண்ணீர்–வைரம் புதிர் வந்துவிடும். உயிருக்கே தேவையான தண்ணீர் மலிவு, ஒன்றுக்கும் உதவாத வைரத்துக்கு ஏன் அத்தனை விலை? கிடைப்பதின் அருமைதான் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். செடிகளுக்கும் அதே கணக்குத்தான். ஹாலந்தில் டூலிப் கிழங்குகளுக்கு வெறி பிடித்த மாதிரி விலை ஏறி 1637 பிப்ரவரியில் கவிழ்ந்த கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பேராசைக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். செடி வளர்க்கிறவர்கள் கண்ணில் படுவது வேறு விஷயம். அன்றைக்கு எகிறிய விலை எல்லாம் வெள்ளையில் சிவப்போ ஊதாவோ தீற்றிய வரிப் பூக்களுக்கு. அந்த வரியை உண்டாக்கியது ஒரு வைரஸ் என்று 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. வைரஸ் பிடித்த கிழங்கு நலிந்து போகும், வருடத்துக்கு ஒன்றிரண்டு குட்டிக் கிழங்கு விடுவதே கஷ்டம். விதை போட்டால் பூவுக்கு ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும், காத்திருந்தாலும் வரி வருமா என்பது அதிர்ஷ்டம். விலை பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம், ஆனால் பொருள் உண்மையிலேயே அரிது.

மொட்டை மாடிப் பூவில் அந்த நியாயம்கூடக் கிடையாது. ஐந்து வயசுச் செடி ஒன்றிலிருந்து செடிக்கு வலிக்காமலே வருடத்துக்கு இருபது துண்டு எடுக்கலாம். இருபதும் இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும், பிறகு அந்த இருபதிலிருந்தும் எடுக்கலாம். பொருளாதாரத்தில் இறுதிநிலைச் செலவு என்பார்கள், இன்னும் ஒன்று கூடுதலாக உண்டாக்க ஆகும் செலவு. இங்கே அது ஒரு கத்தரிக்கோல் வெட்டு. இப்படிப்பட்ட பொருளுக்கு விலை நிற்க வேண்டுமென்றால் அருமையைச் செயற்கையாகத்தான் உண்டாக்க வேண்டும். செடியைக் குறைக்க முடியாது. ஆகவே கதையைக் கூட்டுகிறார்கள்.

நர்சரிக்காரர்களை இதில் சேர்க்கக் கூடாது. ஒரு வருடம் தண்ணீர் ஊற்றி, வேர் பிடித்து, கிளை விட்ட செடியைத் தொட்டியோடு கொடுத்து எண்பதோ நூறோ வாங்குகிறவர், இலைக்குக் காசு வாங்கவில்லை. அவர் வாங்குவது ஒரு வருட உழைப்புக்கும், வாடகைக்கும், அழுகிப்போன மற்ற துண்டுகளின் நஷ்டத்துக்கும். அக்கம்பக்கத்தில் யாரிடமும் செடி இல்லாதவர், பொறுமை இல்லாதவர், அங்கே போவதில் தவறே இல்லை. பெயர்ப் பலகையில் ஹிமாலயத்தை மட்டும் அழித்துவிட்டால் போதும். அந்தப் பெயர்க் குழப்பத்தால் இமயத்துப் பூவுக்கும் நன்மை இல்லை. கோயிலுக்கும் மருந்துக்கும் பறித்துப் பறித்து மலையில் அது குறைந்துவருகிறது. 'எங்க வீட்டு மாடியிலயே பூக்குதே' என்று நினைக்கிறவருக்கு அந்தக் கவலை எப்படி வரும்?

ஆனால் பக்கத்து வீட்டிலேயே செடி இருக்கும்போது? இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது.

மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. எவ்வளவு சௌகரியமான நம்பிக்கை! கேட்க வேண்டாம், கடன்பட வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம். போகிற போக்கில் கிள்ளிக்கொண்டு போய்விடலாம். இணையத்தில் வாங்குவதிலும் ஏறத்தாழ இதே சௌகரியம்தான். காசைத் தட்டிவிட்டால் வாசலுக்கு வந்துவிடும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மூன்றாவது வழிதான் மக்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, பூ முடிஞ்சப்புறம் ஒரு இலை கிடைக்குமா?" என்று கேட்பது.

கேட்டவர்கள் அனுபவம் என்னவென்றால், மறுப்பவர் யாருமே அநேகமாக இல்லை. ஒன்று கேட்டால் மூன்று வெட்டித் தருவார்கள். "ஒண்ணு போனாலும் ஒண்ணு வரும்" என்று நியூஸ்பேப்பரில் சுற்றித் தருவார்கள். கூடவே அந்தச் செடியின் வரலாறும் வரும். இது தஞ்சாவூரில் மாமியார் வீட்டிலிருந்து வந்தது, அவங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு மலையாளத்து டீச்சர் கொடுத்தது, அந்த டீச்சருக்கு யாரோ. வெட்டி நட்டு, வெட்டி நட்டு வந்த செடி என்பதால் இந்த எல்லா வீட்டிலும் இருப்பது ஒரே உடம்பு. டீச்சர் வீட்டில் பூத்த அதே செடிதான் இங்கேயும் பூக்கிறது. பிள்ளையோ பேத்தியோ இல்லை, அதே செடி. பார்சலில் வரும் இலையோடு இந்த வரலாறு வராது. வந்தாலும் அதில் ஹிமாலயம் இருக்கும்.

அபார்ட்மென்ட் வந்தபிறகு இது மாறிவிட்டது என்பது நிஜம். பூ விரிவது ராத்திரி பத்து மணிக்கு. தனி வீட்டுத் தெருவில் "பூத்திருக்கு, வாங்க" என்று ஒரு குரல் போதும், தெருவே வந்துவிடும். பத்து மணிக்கு நாலாவது மாடிக்காரர் இரண்டாவது மாடிக் கதவைத் தட்டினால் உள்ளே பயப்படுகிறார்கள். ஆகவே பூ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பூக்கிறது. முப்பது பேர் பார்க்கிறார்கள், எட்டுப் பேர் இதயம் போடுகிறார்கள், ஒருவர்கூட மணத்தை முகர்வதில்லை. அந்த எட்டில் ஒருவர் அதே ராத்திரி படுக்கையில் கிடந்தபடியே இணையத்தில் ஓர் இலை ஆர்டர் செய்கிறார். இரண்டு மாடி கீழே அதே இலை சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஜாக்சன் என்ற ஊரில், 1930களில் எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியும் நண்பர்களும் இந்தப் பூவுக்காக ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். யார் வீட்டில் அன்றிரவு பூக்கப் போகிறதோ அங்கே போய் உட்கார்ந்து விரியும்வரை அரட்டை. வீட்டுக்காரர்கள் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஊரையே அழைப்பது அங்கே வழக்கம். பொருளாதார மந்தக் காலம், கையில் காசில்லாத இளைஞர்கள், செலவில்லாத கேளிக்கை. அந்த அறிவிப்புக்கும் இங்கே வரும் 'பொதுமக்கள் ஆர்வம்' செய்திக்கும் பெரிய வித்தியாசமில்லை. அங்கே அதிசயம் என்ற வார்த்தை இல்லாமலே கூட்டம் வந்தது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எல்லார் வீட்டிலும் இருந்தால் மதிப்பு போய்விடாதா? கேட்கிறவர்களையெல்லாம் திருப்தி செய்தால் பூக்கும் இரவில் யார் வந்து பார்ப்பார்கள்? நியாயமான பயம்தான். செடி வைத்திருக்கும் பெண்கள் சிலருக்கு வருடத்தில் அந்த ஓர் இரவுதான் தெரு அவர்களைத் தேடி வரும் இரவு. அதை விட்டுக்கொடு என்று சொல்வதற்கு யாருக்கு உரிமை? ஆனால் செடியே இந்தப் பயத்துக்குப் பதில் வைத்திருக்கிறது. ஒரே உடம்பாக இருந்தாலும் வெளிச்சமும் தண்ணீரும் ஒவ்வொரு மாடியிலும் வேறு வேறு. இந்த வீட்டில் இன்றைக்குப் பூத்தால் அந்த வீட்டில் பத்து நாள் கழித்து. பத்து வீட்டில் செடி இருந்தால் தெருவுக்கு ஒரு இரவுக்குப் பதில் பத்து இரவு. இதழைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தான் அடுத்த வீட்டுப் பூவையும் பார்க்க ஓடுவார். தெரியாதவர் ஸ்டேட்டஸோடு நிறுத்திக்கொள்வார்.

இன்னொன்று, கணக்குப் புத்தகம் பிடிக்கிறவர்கள் ரசிக்கக்கூடியது. தொட்டிச் செடிக்குக் காப்பீடு கிடையாது. தண்ணீர் தேங்கினால் அழுகும் செடி இது. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களில் நின்ற வெள்ளத்தில் இப்படிப்பட்ட தொட்டி எதுவும் தப்பியிருக்க வழியில்லை. 2018 நவம்பரில் கஜா வந்த இரவில் டெல்டா மாவட்டங்களில் தென்னையே நிற்கவில்லை, தொட்டி எங்கே நிற்கும்? வெள்ளமும் புயலும் போகட்டும். வீடு கைமாறும், இடிப்பார்கள், செடி வளர்த்த பாட்டி போய்ச் சேர்ந்தபின் தொட்டியை மூலையில் தள்ளுவார்கள். முப்பது வருடச் செடிக்கு இவ்வளவு ஆபத்து இருக்கிறது. தப்பிக்க ஒரே வழி, வேறு வீடுகளிலும் அதே செடி இருப்பது. பத்துப் பேருக்குக் கொடுத்தவர் வீட்டில் செடி செத்தால் பத்தில் ஒரு வீட்டிலிருந்து திரும்ப வரும். கொடுக்காமல் வைத்திருந்தவருக்கு இணையக் கடைதான் கதி. அங்கேயும் அனுப்புவது அவருடைய செடியாக இருக்காது.

ஆகவே ஆனி, ஆடியில் மாடியில் மொட்டு தெரிந்தால், அது கழுத்தை வளைத்து மேலே தூக்கியதும் இன்னும் ஒன்றிரண்டு நாளில் விரியும் என்று அர்த்தம். கீழ்வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க இவ்வளவு அவகாசம் போதும். பூ முடிந்து ஒரு மாதம் செடி ஓய்வெடுக்கட்டும். அதன் பிறகு யாராவது இலை கேட்டால் முற்றியதாகப் பார்த்து வெட்டி, வெட்டுவாய் பொருக்குத் தட்டும்வரை சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்து கொடுக்கலாம். பேப்பரில் சுற்றும் முன், அடிப்பக்கம் எது என்று ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவது நல்லது. தட்டையான துண்டுக்குத் தலையும் காலும் ஒரே மாதிரிதான் தெரியும். தலைகீழாக நட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து, "என்னக்கா, உங்க இலை வேரே விடல" என்று வந்து நிற்பார்கள்.